மாமியார் வளைவு

எங்கள் தடத்தின் அடிவாரத்தில் ஒரு பலகை இருக்கிறது. ‘குருவிப்பாறை சைக்கிள் தடம். இதுவரை ஒருவர்கூட விழுந்ததில்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படமும் வைத்திருக்கிறார்கள். கோத்தகிரிப் பனியில் விடிவதற்குள் அது மங்கிப் போகும். முதலுதவிக் கொட்டகை அதற்கு நேர் எதிரே இருப்பதால் அதைத் துடைத்து வைக்கும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. துடைக்கிறேன். துடைக்கும்போது அந்தச் சிரிக்கிற பெண்ணைப் பார்த்து நான் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

விழுகிறவர்களே இல்லாத தடத்தில் முதலுதவிக்கு ஒருத்தி எதற்கு என்று கேட்பீர்கள். சட்டம் கேட்கிறது, வைத்திருக்கிறார்கள். ஜீப்பில் மலையேறும்போது வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கிறேன், அட்டை கடித்தவர்களுக்கு உப்புத் தடவுகிறேன். நர்சிங் படித்து, எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தவள் நான். பெயர் மோகனா.

முன்பெல்லாம் இப்படி இல்லை. டவுன்ஹில் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சைக்கிளை ஜீப்பில் கட்டி மலை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேர், கல், சேறு, பள்ளம் எல்லாவற்றின் மேலும் குதித்துக்கொண்டு கீழே வருவது. கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன், என் தம்பி தினா முதல்முதலில் முழங்கை கிழிந்து வீட்டுக்கு வந்தபோது. ஆனால் அவனோடு ஒருநாள் போய்ப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பைத்தியக்காரர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது.

ஓட்டுவதற்கு முன்னால் தடம் முழுவதையும் நடந்தே இறங்குவார்கள். ஆபத்தான ஒவ்வொரு இடத்திலும் நின்று, கல்லைத் தொட்டுப் பார்த்து, சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்து, ஒவ்வொருவரும் வாய்விட்டு ஒரு சொல் சொல்ல வேண்டும். ‘போறேன்’ அல்லது ‘இறங்குறேன்’. இறங்குறேன் என்றவன் அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கிண்டல் செய்யக் கூடாது. சொன்ன சொல்லை மாற்றவும் கூடாது. எத்தனை பெரிய கில்லாடியாக இருந்தாலும் சரி, நேற்று அதே இடத்தில் பறந்தவனாக இருந்தாலும் சரி, இன்று இறங்குறேன் என்றால் இறங்கத்தான் வேண்டும். காய்ச்சலாக இருக்கலாம், பெண்டாட்டியோடு சண்டையாக இருக்கலாம். எல்லை என்பது கல்லில் மட்டுமா இருக்கிறது, அன்றைய உடம்பிலும்தான் இருக்கிறது.

இடங்களுக்கெல்லாம் அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். வட்ட வட்டமாகக் குழி விழுந்த பாறைக்கு இட்லிச்சட்டி. தடத்தின் நடுவில், ஒரு பக்கம் செங்குத்துப் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக, பார்க்கச் சாதுவாகத் தெரிந்து கடைசி நொடியில் திரும்புகிற இடத்துக்கு மாமியார் வளைவு. அந்தப் பெயரை வைத்தவன் என் தம்பிதான். அப்போது அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இனி ஆகப்போவதும் இல்லை.

பிறகுதான் ‘வரம்பு’ வந்தது.

அது ஒரு ஹெல்மெட். போட்டுக்கொண்டால் உங்கள் களைப்பு, பிடியின் நடுக்கம், கண் போகிற திசை எல்லாவற்றையும் படிக்கும். முன்னால் இருக்கிற கல்லையும் ஈரத்தையும் பார்க்கும். இந்த ஆள் இந்த இடத்தில் இத்தனை வேகத்துக்கு மேல் போனால் விழுவான் என்று அதற்குத் தெரியும். அந்த வேகத்தை நீங்கள் நெருங்கினாலே சைக்கிளின் பிரேக்கை அதுவே பிடித்துவிடும். அவ்வளவுதான். எலும்பு முறிவு நின்றுபோனது. வந்த புதிதில் நான்கூடக் கையெடுத்துக் கும்பிட்டேன். எத்தனை காறை எலும்புக்குக் கட்டுப் போட்டிருப்பேன், எனக்குத்தானே தெரியும்.

நடப்பதும் நின்றது. எதற்கு நடக்க வேண்டும்? போறேன் இறங்குறேன் எல்லாம் ஹெல்மெட்டின் பாடு. போனில் வியாபாரம் பேசிக்கொண்டே மலையிறங்குகிற ஆட்களைப் பார்த்தேன். பாதையைப் பார்க்காமல் பக்கத்தில் வருகிறவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஹெல்மெட் பார்த்துக்கொள்ளும். எங்கள் தடத்தில் பழகிய ஒரு காலேஜ் பெண், ஊருக்குப் போய் வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் சாதாரண சைக்கிளை விட்டிருக்கிறாள். சைக்கிள் தானாக நிற்கும் என்று காத்திருந்தாளாம். மணிக்கட்டு இரண்டாகப் போனது. பயப்பட வேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பயமே வரவில்லை.

பிறகு அந்தக் கணக்கு மலையை விட்டும் இறங்கியது. லாரிக்கு டிரைவர் எடுப்பவன், கிரேன் ஓட்ட ஆள் எடுப்பவன் எல்லாம் உன் வரம்பு எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார்கள். கை லேசாக நடுங்குகிறவனுக்கு வேலை இல்லை. இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் லாரி ஓட்டியிருந்தாலும் இல்லை.

இந்தக் கம்பெனியின் இஞ்சினியர் முகுந்தன் சார். நல்ல மனுஷர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே அடுக்காது. டீக்குக் கடிக்க வர்க்கி வாங்கி வந்தால் ஜீப் டிரைவருக்கும் சேர்த்துத்தான் வாங்கி வருவார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன், இந்தக் கல்லில் இந்த வேகத்தில்தான் விழுவார்கள் என்று மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று.

“கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சுங்க. கல்லு கூட சொன்ன பேச்சு கேக்குது. சேறும் பாசியும் ஏமாத்துது. கணக்கு ஒண்ணு சொல்லுது, மலை ஒண்ணு செய்யுது. ஒரு மனுஷன் நிஜமா விழுந்தாத்தான் கோடு எங்க இருக்குன்னு மிஷினுக்குத் தெரியும்.”

“அப்ப ஒவ்வொரு கோட்டுலயும் ஒருத்தர் விழுந்திருக்காங்களா சார்?”

“பாதுகாப்பாத்தான் விழறாங்க.”

பாதுகாப்பாக விழுவது என்ற ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டேன். நெஞ்சுக்கவசம், கழுத்துப்பட்டை, வலை, ஆம்புலன்ஸ் எல்லாம் வைத்துக்கொண்டு, ஹெல்மெட் பதிவு மட்டும் செய்யும்படி அதன் பிரேக்கை அணைத்துவிட்டு, சம்பளம் கொடுத்து, ஒரே இடத்தில் வேகத்தைக் கூட்டிக்கூட்டி ஓட்டச் சொல்வார்கள். விழுந்தவுடன் நிறுத்திக்கொள்வார்கள். அந்த வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கோடு. கம்பெனியில் அவர்களுக்கு அளவுப் பணியாளர் என்று கௌரவமான பெயர். டவுனில் ‘விழறவங்க’ என்றுதான் சொல்வார்கள். ஏணி செய்கிறவன், குழந்தைகளுக்குச் சறுக்குமரம் செய்கிறவன்கூட இப்போது விழுவதற்கு ஆள் எடுக்கிறான் என்று கேள்வி.

என் தம்பி விழறவன் ஆனான். சைக்கிளைத் தவிர வேறு எதிலும் அவனுக்குக் கை ஓடாது. பந்தயங்களெல்லாம் ‘வரம்பு’ வந்தபின் செத்துவிட்டன. எல்லோரையும் ஹெல்மெட் பிடித்து நிறுத்தினால் யார் ஜெயிப்பது? இதாவது சைக்கிள் மேல் இருக்கிற வேலை என்று சேர்ந்தான். அவன் விழுந்தால் தூக்குவதற்கு நான் இருக்க வேண்டும் என்று நானும் வார்டை விட்டுவிட்டு இந்தக் கொட்டகைக்கு வந்தேன்.

ஆரம்பத்தில் தோள், தொடை எல்லாம் கன்றிப்போய் வருவான். போகப் போக விழுவது குறைந்தது. அவனுக்குக் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டது. விழப் போகிற இடத்துக்கு ஒரு மயிரிழைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “இங்கதான் சார் கோடு. இதுக்கு மேல போனா கவுந்துரும்” என்பான். முகுந்தன் சாருக்கு நம்பிக்கை வராது. வேறு ஆளை அனுப்பி விழ வைப்பார். தினா சொன்ன அதே இடத்தில், அதே வேகத்தில் அந்த ஆள் விழுவான். எப்படிடா உனக்குத் தெரியுது என்று கேட்டேன். உள்ளங்கையில் சைக்கிள் கொஞ்சம் லேசாகிற மாதிரி இருக்கும் என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைக் கம்பெனி கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஒரு நாள் முகுந்தன் சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பச் சங்கடப்பட்டுக்கொண்டு, நீங்கள் விழாமல் வந்தால் மிஷினில் ஏற்ற எனக்கு எதுவும் கிடைப்பதில்லை என்றாராம். தன் எல்லையைத் தெரிந்துகொண்டவன் அந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போனான். தினா அதை வீட்டில் சொல்லிச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் அவனுக்குப் பதிலாக விழுவதற்கு லாரன்ஸை எடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். லாரி டிரைவராக இருந்து, வரம்பு குறைவு என்று வேலை போனவர். தினாவைவிடப் பெரியவராக இருந்தும் தொழிலில் மூத்தவன் என்று அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். சைக்கிளில் ஏறிப் பத்திருபது வருஷம் ஆகியிருக்கும். அதனாலேயே அவரைக் கம்பெனிக்குப் பிடித்தது. சீக்கிரம் விழுவார், கோடு சீக்கிரம் கிடைக்கும். எந்தக் காரணத்துக்காக ஒரு வேலை போனதோ அதே காரணத்துக்காக இன்னொரு வேலை கிடைத்தது. நல்ல நாடுதான்.

ஐப்பசி மழை தொடங்கியது. மழைக்காலத்திலும் தடம் திறக்கப்படும் என்று கம்பெனி விளம்பரம் செய்துவிட்டது. மற்ற இடங்களுக்கெல்லாம் மழைக்கோடு எடுத்தாகிவிட்டது. மாமியார் வளைவு மட்டும் மிச்சம். அதைச் சுற்றிப் போக வேறு வழி கிடையாது.

அளவெடுப்பதற்கு முன் தினா கெஞ்சியதால் பழையபடி எல்லோரும் நடந்து இறங்கினோம். முகுந்தன் சாரும் குடையோடு வந்தார். மாமியார் வளைவில் தினா உட்கார்ந்து பாறையைத் தடவிப் பார்த்தான். வழிந்து வருகிற தண்ணீருக்கடியில் பச்சையாக ஒரு பாசி. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

“இறங்குறேன்” என்றான்.

பழைய ஆட்களாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். முகுந்தன் சாருக்கு அந்த வழக்கம் தெரியாது. ஏன் என்று கேட்டுவிட்டார். தினாவும் அதற்கு மரியாதை கொடுத்துப் பதில் சொன்னான்.

“மழையில இந்த எடத்துல மெதுவாப் போனா பள்ளத்துக்கு இழுத்துரும் சார். வேகமாப் போனா பாறையில கொண்டுபோய்ச் சாத்திரும். நடுவுல ஒரு வேகமே கிடையாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் இறங்கி நடக்கணும். அப்படியே மிஷின்ல போட்டுருங்க.”

ஒரு ஆள் வாயால் சொல்வதை மிஷினில் ஏற்ற முடியாது என்று முகுந்தன் சார் விளக்கினார். நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் வந்து, நல்ல தடத்தை ஏன் இறங்கி நடக்க வைத்தாய், ஆதாரம் என்ன என்று கேட்டால், எங்கள் பணியாளருக்குப் பயமாக இருந்தது என்றா சொல்வது? விழுந்தால்தான் அது ஆதாரம். கட்டாயம் ஒன்றுமில்லை, தினா இறங்குறேன் என்றால் இறங்கட்டும், லாரன்ஸ் செய்யட்டும் என்றார்.

லாரன்ஸ் பாறையைப் பார்க்கவில்லை. முகுந்தன் சார் முகத்தைப் பார்த்தார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

“போறேன்” என்றார்.

தினா அவரைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான். பிறகு எழுந்து மேலே நடக்க ஆரம்பித்தான். ஜீப்பிலிருந்து தன் சைக்கிளை இறக்கினான். ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

“சொன்ன சொல்ல மாத்தக் கூடாதுன்னு நீதானடா சொல்லுவ?”

“லாரன்ஸ் விழுந்தா மூட்ட மாதிரி விழுவாருக்கா. எனக்கு விழத் தெரியும். விடு.”

இந்த ஒரு வரியில்தான் இவர்கள் அத்தனை பேரும் நாசமாய்ப் போகிறார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு கட்டத்தில் நன்றாக விழவும் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. தோளை மடக்கி உருள வேண்டும், கையை ஊன்றக் கூடாது, சைக்கிளை உதறிவிட வேண்டும் என்று பாடம் சொல்வார்கள். தன் எல்லையை மயிரிழையில் அளந்த என் தம்பிக்கும் அந்த நினைப்பு இருந்தது. விழுவதற்கும் ஒரு எல்லை உண்டு என்று அந்தக் கெட்டிக்காரனுக்குத் தோன்றவே இல்லை. பாறைக்கு எவன் கில்லாடி எவன் மூட்டை என்று என்ன தெரியும்?

நான் விடவில்லை. அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், கோபமில்லாமல், சின்ன வயதில் நான் பிடுங்கி வைத்த பம்பரத்தை எடுப்பதைப்போல. எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதலில் மெதுவாக வந்தான். நடக்கிற வேகம்தான். வளைவில் பின்சக்கரம் அப்படியே பள்ளத்தின் பக்கம் வழுக்கியது. வலை கட்டியிருந்தார்கள். வலையில் விழுந்து, சேற்றில் புரண்டு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய எழுந்து வந்தான். ஒரு கீறல் இல்லை. சொன்னேன்ல, பள்ளத்துக்கு இழுக்குதுன்னு என்றான். எனக்கு உயிர் வந்தது.

முகுந்தன் சாருக்கும் சந்தோஷம். கீழ்க்கோடு கிடைத்துவிட்டது, இனி மேல்கோடு மட்டும் போதும் என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்.

“கடைசி ஒண்ணு தினா.”

எங்கள் மலையில் கடைசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடம்பு அசந்து, மனசு வீட்டுக்குப் போய்விட்ட நேரத்து ஓட்டத்தில்தான் எலும்பு உடையும் என்பதால் எத்தனை ஓட்டம் முடிந்தாலும் ‘இன்னும் ரெண்டு இருக்கு’ என்று சொல்லிவிட்டு வண்டியைக் கட்டுவது பழக்கம். ஜீப் டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டார். முகுந்தன் சார் பாவம், அவருக்குத் தெரியாது.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். “அவன் சொன்னதுல பாதி சரின்னு ஆயிருச்சுல்ல சார்? மீதிப் பாதியையும் நம்புனா என்ன கொறஞ்சுரும்?”

அவர் தரையைப் பார்த்தார். “எனக்கு நம்பிக்கை இருக்குங்க. மிஷினுக்கு இல்ல.”

இரண்டாம் முறை அவன் வந்த சத்தம் மட்டும் கேட்டது. டயர் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம். வளைவுக்குள் வந்தான், முன்சக்கரம் போனது, சைக்கிளை உதறினான், தோளை மடக்கினான். பாடத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் செய்தான். உருள்வதற்குத்தான் இடமில்லை. பாறை இருந்தது.

ஓடினேன். யாரும் அவனைத் தொடக் கூடாது என்று கத்தினேன். ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்றான். வார்டில் அந்தப் பதிலைக் கேட்டவள் நான்.

“தினா, கால் விரல ஆட்டுடா.”

“ஆட்டிட்டுத்தான் இருக்கேன்க்கா” என்றான்.

அவன் காலை நான் பார்த்தேன். மழை மட்டும்தான் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் முகுந்தன் சார் வந்து நின்றார். அழுதிருந்தார், கண் வீங்கியிருந்தது. செலவு முழுவதையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். போகிறபோது தயங்கித் தயங்கி, ஹெல்மெட் எங்கே இருக்கிறது, அதில்தான் எல்லாம் பதிவாகியிருக்கும் என்றார். அதன் பட்டையை என் கையாலேயே கத்தரித்து எடுத்து வைத்திருந்தேன். நெற்றிப் பக்கம் அவன் தலைமுடி ஒட்டியிருந்தது. முடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஹெல்மெட்டை அவரிடம் கொடுத்தேன். அப்போது ஏன் கொடுத்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கொடுக்காவிட்டால் லாரன்ஸை அனுப்பியிருப்பார்கள், அதுதான்.

தினாவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் வரவில்லை. வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். பகலில் பக்கத்து வீட்டு ஜோதி பார்த்துக்கொள்கிறாள். நான் அதே கொட்டகைக்குப் போகிறேன். உனக்கு மானம் ரோஷம் இல்லையா என்று கேட்பவர்கள், அவனுக்கு வேண்டிய மருந்தையும் மெத்தையையும் தங்கள் செலவில் அனுப்பி வைத்துவிட்டுக் கேட்கட்டும். பலகையைப் பற்றி ஒரே ஒரு முறை சண்டை போட்டேன். ஒருவர்கூட விழவில்லை என்று எப்படிப் போடலாம் என்றேன். அளவெடுக்க விழுவது விழுவதில் சேராதாம். அது வேலையாம்.

அடுத்த மழைக்காலத்தில்தான் முதல்முறையாக மழையிலும் தடம் திறந்தது. முதல் நாளே திருப்பூரிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்திருந்தது. மாமியார் வளைவில் மழைநேரத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று என்னை அங்கே போட்டிருந்தார்கள். வேறு ஆளா கிடைக்கவில்லை? குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வளைவுக்கு மிஷின் என்ன கோடு போட்டிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

முதல் ஆள் வந்தார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சைக்கிள் பிரேக்கைப் பிடித்து முழுவதுமாக நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தேன் தடவிய ஒரு பெண்குரல் வெளியே கேட்டது. ‘தயவுசெய்து இறங்கி நடக்கவும்.’

அடுத்தவருக்கும் அதே குரல். அதற்கடுத்தவருக்கும். வந்தவர்கள் எல்லோரும் இறங்கி, வழுக்காமல் பார்த்துக் கால் வைத்து, தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது ஓட்டிப் போ என்று சொல்லிவிடாதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை. தொப்பை வைத்த ஒரு மனிதர் என் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பாறையையும் பள்ளத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இறங்கித்தான் போகோணும்னு பாத்தாலே தெரியுதேங்க. இதச் சொல்ல ஒரு மிஷினா?”

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தினாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மழை வந்தால் அவனுக்கு அந்த ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். பேச்சை மாற்றுவதற்காக ஜோதியின் மகள் கல்யாணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை.

“இன்னிக்குத் திறந்தாங்கல்ல? நம்ம மாமியார் வளைவுக்கு எவ்வளவு போட்டிருக்காங்க?”

ஸ்பூனில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டுப் பிசைந்தேன். ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஏதோ ஒரு வேகம். இந்த உடம்பைக் கொடுத்து ஒரு எண் கிடைத்தது என்றாவது அவன் நினைத்துக்கொள்ளட்டும், அவன் வாயால் ஓசியில் சொன்னதையே திரும்ப வாங்குவதற்குக் கழுத்தைக் கொடுத்தான் என்று நான் எந்த வாயால் சொல்வது?

“பன்னண்டு” என்றேன்.

அவன் உத்திரத்தைப் பார்த்தான். சமாதானம் ஆகிவிட்டான் என்று நினைத்து அடுத்த வாயை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைக்கத் தலையைத் தலையணையிலிருந்து தூக்கப் பார்த்தான். அவனுக்கு அசைகிறது அது ஒன்றுதான்.

“பன்னண்டு தப்புக்கா. பன்னண்டுல பள்ளத்துக்கு இழுக்கும். பதிமூணுன்னா பாறை. யாரு போட்டா இத? முகுந்தன் சாருக்குப் போன் போடு.”

“காலைல பேசிக்கலாம்டா.”

“காலைல மழை இருக்கு. யாராச்சும் வருவாங்க. மிஷின நம்பிட்டு அப்படியே வருவாங்க. போன் போடுக்கா. உங்கால்ல வேணா விழறேன், போடு.”

கால்ல விழறேன் என்றான். சொல்லிவிட்டு அவனே அழ ஆரம்பித்தான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தலையை ஆட்டித் தள்ளினான். யாரோ முன்பின் தெரியாத, போனில் வியாபாரம் பேசிக்கொண்டு மலையிறங்கப் போகிற ஒருவனுக்காக என் தம்பி துடித்துக்கொண்டிருந்தான். தட்டைக் கீழே வைத்தேன்.

“பொய் சொன்னேன்டா. அங்க பன்னண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி நின்னுருது. இறங்கி நடக்கச் சொல்லுது.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

தலையை மெல்லத் தலையணையில் விட்டான். மூச்சு அடங்கியது. “அப்பச் சரி” என்றான். நிஜமாகவே அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நான் பார்த்தேன். காதில் தேங்கியிருந்த கண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன். இந்த முறை விட்டான்.

மழை கொஞ்சம் விட்டு மறுபடி பிடித்தது. சோறு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக்கொண்டு வரலாம் என்று எழுந்தபோது கூப்பிட்டான்.

“அக்கா. நான் சொன்னதும் அதானே?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. உத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதேதான்டா” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கு அரிக்கிறது, சொறிந்து விடு என்றான். சொறிந்து விட்டேன்.